தீவட்டி வீட்டு மானியம்

அம்சவள்ளியின் ஆட்டோ வருவது நாவல்சாவடியில் யாருக்கும் கேட்காது. ஆரம்பத்தில் அதுதான் பெரிய குறை. டீசல் ஆட்டோ என்றால் ஏரிக்கரையில் திரும்பும்போதே சத்தம் முன்னால் ஓடிவந்து ஆளை எழுப்பிவிடும். அதற்கப்புறம் தலை சீவி, கதவைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாலும் நேரம் இருக்கும். இது அப்படி இல்லை. கொட்டாவி விட்டு வாயை மூடினால் பக்கத்தில் நிற்கும். பாகூர் சந்தைக்கு முறுக்கு விற்கப் போகிற கனகாம்பாள் முதல்நாள் கூடையோடு துள்ளிக் குதித்து, "அடிப்பாவி, பேய் மாரி வந்து நிக்கறியே!" என்று கத்தினாள்.

கத்தியவள் ஏறி உட்கார்ந்து ஏரியைத் தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள். அந்த வண்டி அப்படி. விடியற்காலையில் பனி இறங்கிய வயல்களுக்கு நடுவே போகும்போது அது போகிற மாதிரியே இருக்காது. வண்டி நின்ற இடத்தில் நிற்க, வயல்தான் மெல்ல மிதந்து பின்னால் போகிற மாதிரி இருக்கும். நாரை சிறகடிப்பது கேட்கும். மதகைத் தாண்டித் தண்ணீர் விழுவது கேட்கும். பக்கத்தில் இருப்பவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கும். இத்தனை காலம் ஷேர் ஆட்டோவில் தொண்டை கிழியக் கத்திப் பேசிய ஜனம், இதில் ஏறியதும் என்ன பேசுவதென்று தெரியாமல் விழித்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டது.

ஓட்டுகிறவளும் தூங்குகிறாளோ என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. அதில் தப்பில்லை. அம்சவள்ளிக்கு விழித்துக்கொண்டே கனவு காணும் வியாதி சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. மதகடிப்பட்டில் அவள் அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பார்த்துக்கொள் என்று சொல்லிப் போனால், அது பொங்கி வழிவதை அழகாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். அணைக்கத் தோன்றாது. ஆனால் வண்டியில் உட்கார்ந்துவிட்டால் கையும் காலும் கண்ணும் விழிப்பாகத்தான் இருக்கும். மனசு மட்டும் எங்கேயாவது ஊர் சுற்றப் போயிருக்கும்.

அந்த வண்டி அவளுக்கு வந்ததே அப்படி ஒரு கனவில்தான். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் பின்னால் பந்தல் போட்டு ஒரு கூட்டம் நடந்தது. மின்சார ஆட்டோ வாங்கும் பெண்களுக்கு அரசாங்கம் மானியம் தரப்போகிறது என்று அதிகாரி ஒருவர் பேசினார். இனிவரும் காலத்தில் பஸ்ஸெல்லாம் பேட்டரியில் ஓடும், லாரிகள் ஹைட்ரஜனில் ஓடும், அந்த லாரிகளின் பின்பக்கத்தில் புகைக்குப் பதிலாகத் தண்ணீர்தான் சொட்டும் என்றார். தண்ணீர் சொட்டும் என்ற இடத்தில் அம்சவள்ளி கிளம்பிப் போய்விட்டாள். சித்திரை வெயிலில் கடலூர் ரோடு நெடுக லாரிகள் சொட்டச் சொட்டப் போகின்றன, ரோட்டின் இரண்டு ஓரமும் பச்சைப் புல் முளைத்துக் கிடக்கிறது, கிருமாம்பாக்கத்து ஆடுகள் வரிசையாக நின்று மேய்கின்றன. அவள் திரும்பி வந்தபோது முன்வரிசையில் யாரோ கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த மானியம் எப்பவும் உண்டுங்களா?"

"அது எப்படி?" என்றார் அதிகாரி. "கொழந்தைக்கு நடைவண்டி குடுக்கறோம். நடக்கப் பழகிட்டா எடுத்துடறோம் இல்ல? புது வண்டி சொந்தக் கால்ல நிக்கிற வரைக்கும்தான் மானியம். அப்புறம் கெடையாது."

சொந்தக் கால் என்ற வார்த்தை அம்சவள்ளிக்குப் பிடித்துப்போனது. எழுந்து போய்ப் பெயரைக் கொடுத்தாள். மானியம் போக மீதிக்கு மகளிர் குழுவில் கடன் கிடைத்தது. வீட்டுக்கு வந்து புருஷன் அன்புராஜிடம் சொன்னாள். அவன் பெயிண்டர், அமைதியான மனுஷன். ஆட்டோ என்றதும் முகம் மலர்ந்தது. மானியம் என்றதும் சுருங்கிவிட்டது.

"வண்டி எடு. அந்த வார்த்தைய மட்டும் வூட்ல சொல்லாத" என்றான்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவளுக்குத் தெரியாதா? நாவல்சாவடியில் மானியம் என்றால் நிலம். அந்தக் காலத்தில் கோயிலுக்கு வேலை செய்தவர்களுக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. மேளம் அடித்தவருக்கு ஒரு துண்டு வயல், மதகு திறந்தவருக்கு ஒரு துண்டு, பூக் கட்டியவருக்கு ஒரு துண்டு என்று எழுதி வைத்திருந்தார்கள். சாமி புறப்பாட்டில் முன்னால் தீவட்டி பிடித்துப் போனவர்கள் அன்புராஜின் முன்னோர்கள். அவர்களுக்குக் கொடுத்த வயலுக்குத் தீவட்டி மானியம் என்று பெயர். அவர்கள் வீட்டுக்குத் தீவட்டி வீடு என்று பெயர். பெயருக்குப் பதிலாக அதைச் சொல்லித்தான் இன்றைக்கும் ஊர் கூப்பிடுகிறது.

வயல் எப்போதோ போய்விட்டது. பக்கத்து நிலத்தோடு சேர்ந்துவிட்டது. எந்த வருஷம், எந்த மழையில் வரப்பு நகர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. வரப்புக்குக் கால் உண்டு என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். நிலம் போனது, அதற்காகக் கோயிலுக்குச் செய்யவேண்டிய மொறை போகவில்லை. தீவட்டி போய் பெட்ரோமாக்ஸ் வந்தது, தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். பெட்ரோமாக்ஸ் போய் டியூப்லைட் வந்தது, அதையும் தலையில் வைத்துக்கொண்டு, பின்னால் ஜெனரேட்டர் வண்டியோடு ஒயரால் கட்டப்பட்டு, வரிசையாக நடந்தார்கள். ஊரெல்லாம் வெளிச்சமாக இருக்கும். தூக்கியவர்கள் முகத்தில் மட்டும் வெளிச்சம் விழாது.

இந்த லட்சணத்தில், "தீவட்டி வூட்டுக்கு மானியம் வந்துட்டுதாம்" என்ற செய்தி ஊரில் கிளம்பினால் என்ன ஆகும்? எத்தனையோ மானியங்களைப் பற்றிப் பேசுகிற ஊர்தான் அது. ஆனால் தீவட்டி வீடு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அந்தச் சொல் போய் உட்கார்ந்தால் அர்த்தம் ஒன்றுதான், பழைய வயல் திரும்பி வந்துவிட்டது. வண்டி வந்த அன்றைக்கே செய்தி கிளம்பிவிட்டது, கோயில் கமிட்டித் தலைவர் புகழ்வேந்தன் சாப்பிட்ட கையைக் கழுவாமல் ஓடிவந்தார். அந்த வயல் இப்போது இருப்பது அவர் கையில். கோர்ட்டு, சர்வேயர், பேப்பர் என்று என்னென்னவோ அவர் தலைக்குள் ஓடியிருக்கிறது.

"எங்கம்மா மானியம்?" என்றார், மூச்சு வாங்க.

வேப்பமரத்தடியில் மஞ்சள் தடவி, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றத் தயாராக நின்ற புது ஆட்டோவைக் காட்டி, "இதாங்க" என்றாள் அம்சவள்ளி.

புகழ்வேந்தன் ஆட்டோவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பிறகு அங்கேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "நல்லா கீது, நல்லா கீது" என்று தட்டிக்கொடுத்தார். உயிர் திரும்பி வந்த மனுஷனுக்கு யாரைப் பார்த்தாலும் அன்பு வரத்தான் செய்யும்.

ஆனால் ஒரு சொல் தலைக்குள் புகுந்துவிட்டால் சும்மா வெளியே போகாது. மாசி மகத்துக்குச் சில நாள் இருக்கும்போது பஸ் ஸ்டாப்பில் அம்சவள்ளியை நிறுத்தினார்.

"அம்சா, நம்ம பச்சவாழியம்மன் கடலுக்குப் போவசொல்லோ முன்னாடி வௌக்கு போவணும். ஜெனரேட்டரு ரிப்பேரு. வேற வாங்க வேணாம்னு கமிட்டில பேசிக்கினோம். ஒன் வண்டில பேட்டரி கீது. ரெண்டு பக்கமும் போகஸ் லைட்டு கட்டிக்கினு நீ முன்னாடி போயிடு. டிராக்டர்ல சாமி பின்னாடி வரும்."

"சரிங்க. வாடகை?"

"வாடகையா?" புகழ்வேந்தன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "மானியம் வாங்கிட்டு வாடகை கேக்கறியேம்மா! மானியம் வந்தா மொறை செய்யணும். அதான வழக்கம்? நடுவுல மானியம் இல்லன்னு கொஞ்ச வருஷமா ஒண்ணும் கேக்கல. இப்ப வந்துட்டுது. மகம், ஆடித் திருவிழா, ஊர்ல ஒரு கல்யாணம், ஒரு சாவு, எல்லாத்துக்கும் ஒன் வண்டிதான். தீவட்டி வூடு மொறைய வுட்டுட்டா, அந்த வூட்டு வண்டில ஊரு எப்பிடிம்மா ஏறும்?"

மிரட்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். நல்ல மனுஷன் நம்பிக்கையோடு சொல்கிற அநியாயத்தை என்ன செய்வது?

சாயந்திரம் அன்புராஜிடம் இதைச் சொன்னாள். அவன் விரலில் ஒட்டியிருந்த பெயிண்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"பத்தாவது படிக்கறப்ப நான் லைட்டு தூக்கிக்கினு போனேன் அம்சா. எங்க கிளாசு பசங்க எதுர்ல நின்னு வேடிக்க பாத்தானுங்க. நான் கண்ண மூடிக்கினே நடந்தேன். மூடிக்கினா நான் யாருன்னு அவனுங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். அவ்ளோ முட்டாளு." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "ஒரு தபா மொறைன்னு போயிட்டா, ஒன் வண்டி ஒன் வண்டி இல்ல. பேரப்புள்ளைங்க காலத்துக்கும் ஓட்டணும். திருப்பிக் குடுத்துடு. நான் ரெண்டு சைட்டு வேல சேத்துப் பாக்கறேன்."

அம்சவள்ளி எழுந்து போய் வண்டிக்கு சார்ஜ் போட்டாள். அவளுடைய கஷ்டம் அவனுக்குத் தெரியாது. அவளுக்குப் போகவேண்டும் என்று ஆசையாக இருந்தது. கல்யாணமான புதிதில் மாசி மகத்து ஜனத்தோடு நடந்துபோய்த்தான் அவள் முதல்முதலாகக் கடலைப் பார்த்தாள். அன்றைக்கு ஜெனரேட்டர் சத்தத்தில் நாதஸ்வரம் கேட்கவில்லை, டிராக்டர் புகையில் அம்மன் முகம் தெரியவில்லை. இப்போது தன் வண்டி மாதிரி சத்தமே போடாத ஒரு வண்டி அம்மனைக் கூட்டிக்கொண்டு போனால் எப்படி இருக்கும் என்று எத்தனையோ விடியற்காலைகளில் நினைத்துப் பார்த்திருக்கிறாள். அந்த நினைப்பில் அம்மன் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பாள். கனகாம்பாளைப் போலவே ஏரி தாண்டுவதற்குள் அவளுக்கும் கண் சொக்கும். ஊரைக் காவல் காக்கிறவளுக்கு எத்தனை நாள் தூக்கமோ என்று அம்சவள்ளி இன்னும் மெதுவாக ஓட்டுவாள். ஆசையோடு செய்ய நினைத்ததை மொறை என்று கேட்கிறார்களே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாளிலிருந்து வண்டியில் ஆள் குறைந்தது. யாரும் காரணத்தை நேராகச் சொல்லவில்லை. "நீ போம்மா, எனக்கு இன்னும் வேல கீது" என்றார்கள். "நடந்தா ஒடம்புக்கு நல்லதுன்னு டாக்டரு சொன்னாரு" என்றார்கள். கனகாம்பாள் முறுக்குக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி வண்டியைத் தாண்டி நடந்து போனாள். அன்றைக்குக் கிருமாம்பாக்கம் வரைக்கும் ஆளில்லாத வண்டியை ஓட்டிப்போனாள் அம்சவள்ளி. அந்த அமைதி முதல்முறையாக அவளுக்குப் பயமாக இருந்தது. ரோட்டோரம் நிறுத்தி, ஸ்டியரிங் கைப்பிடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்தபோது ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. போகாமல் இருந்தால் வண்டி நிற்கும். மொறைக்குப் போனால் வண்டி ஓடும், ஆனால் அவளுடையதாக இருக்காது. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது என்றும் தோன்றியது. அதைக் கனவு என்று சொல்லிவிடலாம். ஆனால் அம்சவள்ளியிடம் இருந்த சரக்கு அது ஒன்றுதான்.

மகத்துக்கு முதல்நாள் சாயந்திரம் வேப்பமரத்தடியில் குந்தி உட்கார்ந்து, ஆட்டோவின் பின்சீட்டைக் கழற்ற ஆரம்பித்தாள். போல்ட் ஒன்றும் அசையவில்லை. ஸ்பானர் வழுக்கி விரலை இடித்தது. வாசற்படியில் உட்கார்ந்திருந்த அன்புராஜ் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இன்னா பண்ற?"

"அம்மனுக்கு எடம் பண்றேன் மாமா."

"டிராக்டர்லதான அம்மன்?"

"நான் வௌக்கு புடிக்கப் போவல. என் வண்டில அம்மன ஏத்திக்கினு போவப்போறேன். கோயில்ல ஒத்துக்கினா வாடகைக்கு ஓட்டறேன். இல்லன்னா திரும்பி வந்துடறேன், நீ சொன்ன மாரி வண்டிய குடுத்துடறேன்."

அன்புராஜ் எழுந்து வந்தான். அவள் கையிலிருந்து ஸ்பானரை வாங்கினான். துருப்பிடிக்காத புது போல்ட்டுகள்தான், இறுக்கம் மட்டும் அதிகம். ஒவ்வொன்றாகக் கழற்றி அவள் முந்தானையில் போட்டான். சீட்டைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, "நான் வரமாட்டேன்" என்றான்.

கிழக்கு வெளுக்குமுன் கோயில் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கிருமாம்பாக்கத்துக் கலைவேந்தனின் டிராக்டர், டிரெய்லரில் வாழைமரம் கட்டித் தயாராக நின்றது. சத்தமில்லாமல் அதன் பக்கத்தில் வந்து நின்ற ஆட்டோவை முதலில் யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது புகழ்வேந்தனின் முகம் மலர்ந்தது. அடுத்த நிமிஷமே குழம்பியது. வண்டியின் கூரை ஓரத்தில் மாவிலை கட்டியிருந்தது, உள்ளே பலகை போட்டுப் புதுப்புடவை விரித்திருந்தது. போகஸ் லைட் ஒன்றையும் காணோம்.

"லைட்டு எங்கம்மா?"

"லைட்டு இல்லீங்க. பின்சீட்ட கழட்டிட்டு வந்திருக்கேன். அம்மன ஏத்திக்கலாம்."

"சாமி டிராக்டர்ல போவுது. நீ மொறைக்கு வந்தவ, மொறைய செய்."

"மொறைக்கு வரலீங்க. வாடகைக்கு வந்திருக்கேன். சாமி ஏத்தற வண்டிக்கு வழக்கமா கோயில்ல இன்னா குடுப்பீங்களோ அது போதுங்க."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. "மானியம் வாங்கினவ பேசற பேச்சா இது?" என்றார் புகழ்வேந்தன்.

அம்சவள்ளிக்குக் கோபம் இல்லை. எங்கே இறங்கணும் என்று பயணிகளிடம் கேட்பாளே, அதே குரலில் கேட்டாள்: "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒங்க போர்செட்டு மோட்டருக்கு கரண்டு மானியம்தானுங்களே?"

"ஆமா. அதுக்கு இன்னா இப்ப?"

"அதுக்கு நீங்க ஊருக்கு இன்னா மொறை செய்யறீங்க?"

மடக்குவதற்காகக் கேட்டிருந்தால் அவர் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பார். அவள் தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு, பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். புகழ்வேந்தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். கூட்டத்தின் நடுவிலிருந்து கனகாம்பாளின் குரல் வந்தது.

"எனக்கு கேஸு மானியம் வருது. நான் எத்தினி முறுக்கு சுடணும் ஊருக்கு?"

யாரோ சிரித்தார்கள். "உர மானியம் வாங்கனவன்லாம் ஒரு பக்கம் நில்லுங்கப்பா" என்றது ஒரு குரல். "எங்க வூடே மானியத்துல கட்டனது, வூட்டையே தூக்கிக்கினு வரணுமா?" என்றது இன்னொன்று. டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்த கலைவேந்தன் தலையைச் சொறிந்துகொண்டு, "தலைவரே, இந்த டிராக்டரே மானியத்துல வாங்கனதுதான்" என்று சொன்னபோது சிரிப்பு அடங்கவே இல்லை.

"அப்ப ஊரே தீவட்டி வூடுதான்!" என்றாள் கனகாம்பாள்.

புகழ்வேந்தன் சிரிக்கவில்லை. ஆனால் ஊர் சிரிக்கும்போது ஒற்றை ஆளாக முறைத்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று கமிட்டித் தலைவருக்குத் தெரியாதா? பூசாரி வேறு, நேரமாகிறது என்று மணியை ஆட்டினார். "சரி, சரி. விடியப் போவுது, வௌக்கு வேணாம், அம்மன் இதுல வரட்டும். டிராக்டர்ல ஜனம் ஏறிக்கினு தள்ளிப் பின்னாடி வாங்க. ரெண்டு வண்டிக்கும் வாடகை உண்டு" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

அன்றைக்கு அம்மன் போன அழகைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்வார்கள். உற்சவர் சின்னச் சிலைதான், ஒரு குடம் உயரம் இருக்கும். பலகையில் உட்கார வைத்துப் பூ சார்த்தியதும் அந்த வண்டி அவளுக்கென்றே செய்த மாதிரி இருந்தது. வண்டி நகர்ந்தது யாருக்கும் தெரியவில்லை, அம்மன்தான் நகர்ந்தாள். நாதஸ்வரம் எந்த இடைஞ்சலும் இல்லாமல் வயல்வெளி முழுக்கப் பரவிப் போனது. பனிக்குள் முன்னால் நடந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக மறைந்தார்கள், வாசிப்பு மட்டும் கேட்டது. அம்மன் கழுத்துச் சலங்கை வண்டி ஆட்டத்துக்கு லேசாக ஒலித்தது. அது ஒலிக்கும் என்பதே இத்தனை வருஷமாக யாருக்கும் தெரியாது. கடலூர் ரோட்டைக் கடக்கும்போது பஸ்கள் தாமாக நின்றன. டிரைவர் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார், எஞ்சினையும் அணைத்தார். சவுக்குத் தோப்பு வந்தது, உப்புக் காற்று வந்தது. நினைத்துப் பார்த்ததற்கும் நடந்துகொண்டிருப்பதற்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது என்று அம்சவள்ளிக்கு விளங்கவில்லை. மெதுவாக, இன்னும் மெதுவாக ஓட்டினாள்.

ரோடு முடிந்த இடத்தில் அம்மனைக் கையில் ஏந்தி மணலில் கொண்டுபோனார்கள். தீர்த்தவாரி முடிந்தது. ஈரத்துணியோடு ஜனம் வட்டமாக நிற்க, மரியாதை கூப்பிட ஆரம்பித்தான் ராமு. அது அவன் அப்பாவிடமிருந்து அவனுக்கு வந்த வேலை. யாருக்குப் பின்னால் யார் என்பதெல்லாம் மனப்பாடம். பூசாரி தட்டில் தேங்காய் மூடியும் பூவும் வைத்து நீட்ட, ராமு இழுத்து இழுத்துப் பாடுவது போலக் கூப்பிடுவான், உரியவர் வந்து வாங்கிக்கொள்வார்.

"கமிட்டீ..." என்றான். புகழ்வேந்தன் வாங்கிக்கொண்டார்.

"வாகனம்... கலைவேந்தன்..." என்றான். "நான் இல்லப்பா" என்று கலைவேந்தன் கையை ஆட்டினான். ராமு தடுமாறி அடுத்ததற்குப் போய்விட்டான். மேளம் வாங்கிக்கொண்டது, பூக்காரர் வாங்கிக்கொண்டார், மதகுக்காரர் வீட்டில் வாங்கிக்கொண்டார்கள். கடைசியாக எப்போதும் கூப்பிடுகிற பெயரை, எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டான்.

"தீவட்டி வூடூ..."

எல்லோரும் அம்சவள்ளியைப் பார்த்தார்கள். அவள் நகரவில்லை. இந்த ஒரு பெயருக்கு ஓரடி எடுத்து வைத்துவிட்டால் காலையில் பேசியதெல்லாம் சிரித்து மறந்த பேச்சாகிவிடும். நாளைக்கே யாராவது வாசலில் வந்து நின்று மொறை என்பார்கள். அம்மன் பிரசாதத்தை வேண்டாம் என்று நிற்கவும் அவளுக்குப் பயமாக இருந்தது. கூட்டத்தின் கடைசியில், வரமாட்டேன் என்று சொன்ன அன்புராஜ் நிற்பதை அப்போதுதான் பார்த்தாள். தீவட்டி வீட்டுப் பிள்ளை அவன்தான். அவனும் நகரவில்லை.

"தீவட்டி வூடூ..."

தட்டில் கற்பூரம் சின்னதாகிக்கொண்டே வந்தது. அலை வந்து எல்லோர் காலையும் நனைத்துவிட்டுப் போனது. பூசாரி கற்பூரத்தைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டு புகழ்வேந்தனைப் பார்த்தார். புகழ்வேந்தன் அம்சவள்ளியைப் பார்த்தார். அவள் தலை குனியவில்லை, முறைக்கவும் இல்லை. காலையில் கேட்ட கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை என்பது போல நின்றிருந்தாள்.

"டேய் ராமு" என்றார் புகழ்வேந்தன், தொண்டையைச் செருமிக்கொண்டு. "வாகனத்துக்கு யாரும் வாங்கலியே. கூப்புடு."

"யார் பேருல தலைவரே?"

"அம்சவள்ளின்னு கூப்புடு."

ராமுவுக்கு அந்தப் பெயரை இழுத்துக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. வீட்டுப் பெயர்களையும் வேலைப் பெயர்களையும் கூப்பிட்ட தொண்டை அது. ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறகு தலையை நிமிர்த்தி, கடல் பக்கமாகத் திரும்பி, முழு மூச்சையும் இழுத்துக் கூப்பிட்டான்.

"வாகனம்... அம்சவள்ளீ..."

அவள் பெயர் அலைக்கு மேலே நீளமாகப் போனது. அவளை யாரும் இத்தனை பெரிதாகக் கூப்பிட்டதில்லை. அழக்கூடாது என்று நினைத்தாள், அழுகை வந்துவிட்டது. "போ அம்சா" என்றான் பின்னாலிருந்து அன்புராஜ். அம்சவள்ளி ஈர மணலில் நடந்துபோய், இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.